மேற்பார்வையாளர்களுக்கு எந்த விமான விபத்தைப் பாடமாகச் சொல்வது?

உலைக்களம் கேட்கிறார்:

ஒரு ஃபவுண்டரியில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். திங்கட்கிழமை ஷிப்ட் மேற்பார்வையாளர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். ஹெல்மெட், கையுறை என்று கேட்டுக் கேட்டு அவர்களுக்குச் சலித்துவிட்டது. ராணுவ விமான விபத்து ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசலாம் என்று நினைக்கிறேன். இயந்திரக் கோளாறால் நடந்தது வேண்டாம். எதை எடுக்கலாம்?

பழைய ஃபிட்டர்:

தம்பி, ஃபேர்சைல்ட் பி-52 விபத்தை எடுங்கள். விமானப்படையில் இன்ஜின் பிரிவில் இருந்தவன் நான். எத்தனையோ விபத்து அறிக்கைகளைப் படித்திருந்தாலும், இதைப் படிக்கும்போது வந்த கோபம் வேறு எதற்கும் வந்ததில்லை.

1994 ஜூன் 24. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஃபேர்சைல்ட் தளத்தில் விமானக் காட்சிக்கான ஒத்திகை. எட்டு இன்ஜின் குண்டுவீச்சு விமானம். ஓடுபாதையில் வேறொரு விமானம் நின்றதால், இறங்காமல் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்கள். உயரம் ஏறத்தாழ 250 அடி. சாய்வு 60 டிகிரியைத் தாண்டியது, இறக்கைகளின் தூக்குவிசை போயிற்று, விமானம் விழுந்தது. நால்வரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவரான கர்னல் உல்ஃபுக்குப் பணிக்காலத்தின் கடைசிப் பறத்தல் அது. வரவேற்கக் குடும்பம் தளத்தில் காத்திருந்தது.

இணையத்தில் வீடியோ இருக்கிறது. எல்லோரும் அதைப் போட்டுக் காட்டி, விமானியைத் திட்டிவிட்டு வகுப்பை முடித்துவிடுகிறார்கள். பாடம் அந்தச் சில நொடிகளில் இல்லை, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் இருக்கிறது.

ஓட்டியவர் லெப்டினன்ட் கர்னல் ஹாலண்ட். 1991 விமானக் காட்சியிலிருந்தே வரம்பு மீறிப் பறந்து வந்தவர். அந்தத் தளத்தில் மற்ற விமானிகள் விதிப்படி பறக்கிறார்களா என்று மதிப்பிடும் பிரிவுக்குத் தலைவரே அவர்தான்! சில மீறல்களை மேலதிகாரிகள் கண்டுகொள்ளவே இல்லை. மற்றவற்றுக்கு யாராவது கூப்பிட்டு வாயால் கண்டித்ததோடு சரி, எழுத்தில் எதுவும் ஏறவில்லை. தலைமை மாறிக்கொண்டே இருந்தது. புதிதாக வந்தவர் கண்ணுக்கு அது முதல் தவறு.

1994 மார்ச்சில் யாகிமா பயிற்சிக் களத்தில் 500 அடிக்குக் கீழே வரக்கூடாத விமானம், ஒரு மலைமுகட்டை ஏறத்தாழ 30 அடி உயரத்தில் கடந்தது. கீழே படம்பிடித்தவர்கள் எடுத்த காட்சிகள் இருக்கின்றன. ஸ்குவாட்ரன் தலைவர் மெக்கீஹன் நேரே மேலதிகாரியிடம் போய், ஹாலண்டைப் பறக்கவிடாதீர்கள் என்றார். மறுபடியும் வாய்க் கண்டிப்புத்தான். அதன்பின் மெக்கீஹன், தான் உடன் இருந்தால் தவிர தன் ஆட்கள் யாரும் ஹாலண்டோடு பறக்கக்கூடாது என்று முடிவெடுத்தார். ஜூன் 24 அன்று துணை விமானி இருக்கையில் இருந்தவர் அவர்தான்.

காட்சிக்கு 45 டிகிரிக்கு மேல் சாய்க்கக்கூடாது என்று தளத் தலைவர் வரம்பு விதித்திருந்தார். ஒரு வாரம் முன்பு நடந்த ஒத்திகையிலேயே அது மீறப்பட்டது. ஒருவரும் நிறுத்தவில்லை.

தெற்குவாசல்:

எல்லாவற்றையும் எழுத்தில் ஏற்று என்றால், நாளைக்கு ஒருவனும் வாய் திறக்க மாட்டான். எங்கள் ஆலையில் சிறு தவறுக்கும் மெமோ என்று ஆரம்பித்ததும் "மயிரிழையில் தப்பினோம்" என்ற புகார்கள் வருவதே நின்றுபோயிற்று. இதற்கு என்ன சொல்கிறீர்கள், ஐயா?

பழைய ஃபிட்டர்:

நியாயமான கேள்வி. அமெரிக்க விமானப்படையில் இதற்காகவே இரண்டு விசாரணைகள் உண்டு. முதலாவது பாதுகாப்பு விசாரணை. அதில் ரகசிய உறுதி பெற்று ஒருவர் சொன்னதை அவரைத் தண்டிக்கப் பயன்படுத்த முடியாது. ஏன் நடந்தது, மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்வது என்பது மட்டுமே அதன் வேலை. இரண்டாவது தனி விசாரணை. அதன் அறிக்கை பொதுவெளிக்கு வரும், நீதிமன்றத்துக்கும் போகும். ஃபேர்சைல்ட் விபத்துக்குப் பிறகு ஹாலண்டின் மேலதிகாரி ஒருவர் ராணுவ நீதிமன்றத்தில் கடமை தவறியதை ஒப்புக்கொண்டார்.

கை தவறுவது வேறு, துணிந்து மீறுவது வேறு. எங்கள் பிரிவில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பலகையில் அதன் உருவம் வரைந்திருக்கும். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை விமானம் கிளம்பாது. "நான்தான் உள்ளே விட்டிருப்பேன்" என்று சொன்ன பையனைத் திட்டக்கூடாது என்பது எழுதாத சட்டம். திட்டினால் அடுத்தவன் மறைப்பான். மறைத்த ஸ்பேனர் இன்ஜினுக்குள் போகும். ஆனால் பலகையைச் சரிபார்க்காமலே கையெழுத்துப் போட்டவனை யாரும் விட்டுவைத்ததில்லை. உங்கள் ஆலையில் இரண்டுக்கும் ஒரே மெமோ கொடுத்திருப்பார்கள், அதனால்தான் புகார்கள் நின்றிருக்கும்.

உலைக்களம்:

நன்றி ஐயா. வீடியோவோடு ஆரம்பிக்கலாமா?

பழைய ஃபிட்டர்:

வேண்டாம். விபத்து என்ற சொல்லே இல்லாமல் கதையைச் சொல்லி, யாகிமாவோடு நிறுத்துங்கள். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, "நீங்கள் மெக்கீஹனின் மேலதிகாரி. இன்று மாலைக்குள் என்ன செய்வீர்கள், யாருக்கு எழுதுவீர்கள்?" என்று கேளுங்கள். பாதிப் பேர் "கூப்பிட்டுப் பேசுவேன்" என்றுதான் எழுதுவார்கள். அந்தத் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, அதன்பின் ஜூன் 24-க்கு வாருங்கள்.