புதுப்பிப்பு: பல்லளவு முடிவுறு மூலக முறையில் வந்த பிழை

களனி ஆற்றோரத்தைப் போல மணலும் களியும் கலந்த நிலத்தில் நீரோட்டத்தைப் பல்லளவு முடிவுறு மூலக முறையில் (பெருங்கட்டங்களில் மட்டும் தீர்த்தாலும், அவற்றுக்குள் இருக்கும் நுண் மாறுபாடுகளையும் கணக்கில் எடுக்கும் முறை) கணிக்கும் என் நிரல், 1024×1024 நுண்கட்டங்களை 32×32 பெருங்கட்டங்களாக்கியதும் அழுத்தத்தைத் தவறாகக் காட்டுவது ஏன் என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பெருங்கட்டங்களைச் சிறிதாக்கியபோது, வழக்கத்துக்கு மாறாகப் பிழை கூடியது. கட்டத்தின் அளவு மண்ணின் மாறுபாட்டு நீளத்தை (மணலும் களியும் மாறி மாறி வரும் தூரத்தை) நெருங்கும்போது இந்த ஒத்ததிர்வுப் பிழை எழும் என்பதைத் ஆய்வாளர்கள் தோமஸ் ஹோவும் சியாவோ ஹுய் வூவும் 1997இலேயே விளக்கியிருக்கிறார்கள். கட்டத்துக்குள் அழுத்தம் எப்படி மாறும் என்பதைக் காட்டும் அடிப்படைச் சார்புகளைக் கட்டத்தை விடப் பெரிய பரப்பில் கணித்து, உட்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுமாறு ஒருவர் சொன்ன உத்தியே பலித்தது. விளிம்புகளில் நானே திணித்திருந்த நேர்கோட்டு எல்லை நிபந்தனைகளின் (விளிம்பு நெடுகிலும் மதிப்பு சீராக மாறும் என்ற எடுகோளின்) பாதிப்பு, வெட்டி எறியும் வெளிப்பரப்போடு பெரும்பாலும் போய்விடுகிறது.

எதிர்பாராத ஒன்று: அச்சார்புகள் கட்ட எல்லைகளில் தொடர்ச்சியை இழக்கின்றன. மேலும், ஒரே தடவை தீர்ப்பதாயின் நேரம் பெரிதாக மிச்சமாவதில்லை. கிணறுகளின் இறைப்பளவை மாற்றி மாற்றி ஓட்டும்போதுதான், முன்பு கணித்த சார்புகளையே மீண்டும் பயன்படுத்தி பெருங்கட்டங்களின் 33×33 மூலைகளுக்கான 1089 தெரியாக் கணியங்களோடு முடிக்க முடிவதால், என் பழைய மடிக்கணினிக்கும் மூச்சு வருகிறது. நீண்ட மணற்படை ஒன்று பல கட்டங்களை ஊடறுக்கும் இடத்தில் மட்டும் பிழை இன்னும் உள்ளது. அங்கே கட்டத்துக்குக் கூடுதல் சார்புகளைச் சேர்க்க வேண்டியிருக்கும்.