ஒரே பெயர், வேறு வேறு ஆளுமைகள்: கலைச்சொல் வேண்டும்

கோபிசெட்டிபாளையம், கல்லூரி நூலகர்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கள் நூலகத்தில் கொங்கு ஆளுமைகள் தொடர்பான நூல்களுக்கு ஒரு மின்பட்டியல் தயாராகிறது. மென்பொருளில் வரும் சொற்களையெல்லாம் தமிழாக்கி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்தது, இரண்டு சொற்கள் மட்டும் நிற்கின்றன. ஒன்று, ஒரே பெயரைத் தாங்கிய வேறு வேறு ஆட்களுக்குப் பொதுவான சொல். இன்னொன்று, அவர்களில் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டு வாசகரைப் பிரித்து அனுப்பும் பக்கத்துக்கான சொல்.

'இராமலிங்கம்' என்று தேடினால் இப்போது வள்ளலார் (1823–1874), மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் (1888–1972), 1981இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற மா. இராமலிங்கம் என்று மூவர் நூல்களும் ஒரே குவியலாக வந்து விழுகின்றன. உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் பாட்டு எழுதியவரே வடலூரில் சபை நிறுவினார் என்று ஒரு மாணவி கட்டுரை எழுதிக் கொடுத்திருக்கிறாள். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. பட்டியல் அப்படிக் காட்டினால் அவள் என்ன செய்வாள்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க.

திருச்செங்கோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மணி, இதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. தொல்காப்பியத்தில் கிளவியாக்கம் என்ற இயலைத் திறந்தால் இருக்கிறது. ஒரு சொல் பல பொருளைக் குறித்தால் 'பல்பொருள் ஒருசொல்' என்கிறார் தொல்காப்பியர். அதே அச்சில் ஒரு பெயர் பல ஆட்களைக் குறித்தால் 'பல்லோர் ஒருபெயர்'. இலக்கணமும் கெடவில்லை, ஓசையும் கெடவில்லை. நன்னூல் தந்த பவணந்தியார் பிறந்த சீனாபுரம் நம் ஈரோட்டுப் பக்கம்தான். அந்த மண்ணில் இருந்துகொண்டு அரைகுறைச் சொல்லை வைத்துவிட்டுப் போகக் கூடாது.

கோயம்புத்தூர், மென்பொருளாளர்:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் அது பெயரைக் குறிக்கிறது, ஆட்களைக் குறிக்கவில்லை. அம்மா கேட்பது ஆட்களுக்கான சொல். 'இவர்கள் பல்லோர் ஒருபெயர்' என்று எழுத முடியாதே.

பக்கத்துக்கு ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று பல ஆண்டுகளாகப் போடுகிறார்கள். வாசகர்கள் பார்த்துப் பழகிய சொல். அதையே எடுத்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு சொல் என்ற குழப்பம் வராது. என் யோசனை அதுதான்.

பொள்ளாச்சி, பள்ளி ஆசிரியை:

தம்பி, நான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று போட்டால் பிள்ளைகள் ஏதோ சாலை விதி என்று நினைப்பார்கள். பழகியவர்களுக்குப் புரியும் என்பது சரி. பழகாதவர்களுக்காகத்தானே பட்டியல்?

இங்கே ஒருத்தர் பெயரைச் சொன்னால் அடுத்த ஆள் என்ன கேட்கிறார்? "எந்தப் பழனிசாமிங்க?" வகுப்புக்கு ரெண்டு பழனிசாமி இருந்த ஊர் இது. நடிகர் சிவக்குமாருக்கே பெற்றோர் வைத்த பெயர் பழனிசாமிதான். அந்தக் கேள்வியையே பக்கத்தின் தலைப்பாகப் போட்டுவிடலாம்: "எந்த இராமலிங்கம்?" இதைவிடத் தெளிவாக எந்தக் கலைச்சொல் சொல்லிவிடும்?

இன்னொன்றும் கவனியுங்க. முன்னெழுத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். பசுமைப் புரட்சியோடு பெயர் சேர்ந்த எங்கள் ஊர்ப்பக்கத்து சி. சுப்பிரமணியம் (1910–2000) தந்தை சிதம்பரம் பெயரால் 'சி'. பாரதியார் தந்தை சின்னசாமி பெயரால் 'சி'. இருவரும் சி. சுப்பிரமணிய என்றுதான் தொடங்குகிறார்கள். பாரதியார் 1921இல் ஈரோடு கருங்கல்பாளையத்தில் பேசியது கொங்கு வரலாற்றில் வரும், சி. சுப்பிரமணியம் எல்லாப் பக்கத்திலும் வருவார். ரெண்டு பேரையும் கணினி எப்படிப் பிரிக்கும்?

கரூர், கல்வெட்டு ஆர்வலர்:

ஆசிரியை சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். புலவர் ஐயா எடுத்த நூற்பாவுக்கு அடுத்த நூற்பாவையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

"வினைவேறு படூஉம் பல்பொருள் ஒருசொல்
வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்
தேறத் தோன்றும் பொருள்தெரி நிலையே."

'மா' என்றால் மரமா விலங்கா தெரியாது. 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடிற்று' என்றால் விலங்கு. வினை, இனம், சார்பு என்று பிரிக்கும் வழியையும் சொல்லி, பிரிந்து தெளிந்த நிலைக்குப் 'பொருள்தெரி நிலை' என்று பெயரும் வைத்துவிட்டார். நமக்கு வேண்டியது பொருள் தெரிவதல்ல, ஆள் தெரிவது. ஆகவே 'ஆள்தெரி நிலை'. பக்கத்துக்கு 'ஆள்தெரி பக்கம்'.

சங்க நூல்களைத் தொகுத்தவர்கள் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். ஒரே பெயரில் பாண்டியர் பலர். ஒருவர் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், ஒருவர் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன். கிள்ளிவளவனிலும் குளமுற்றத்துத் துஞ்சியவன், குராப்பள்ளித் துஞ்சியவன். எங்கே இறந்தான் என்பதே அடையாளம். சாத்தனாரை எடுத்துக்கொண்டால் ஊரும் தொழிலும்: மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார், கருவூர்ப் பூதஞ்சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார். வள்ளலாரும் தம் பெயரைச் 'சிதம்பரம் இராமலிங்கம்' என்றுதானே எழுதினார்? ஊரைச் சேர்த்து ஆளைத் தெரிய வைப்பது நம் பழைய முறை.

திருச்செங்கோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கரூர்த் தம்பி பெருந்தலைச் சாத்தனாரைச் சொன்னதால் ஒரு வார்த்தை. தலை பெரிதாக இருந்ததால் அப்பெயர் என்று சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கோபிக்குப் பக்கத்தில் பவானி ஆற்றங்கரையில் பெருந்தலையூர் இருக்கிறது. அவர் பாடிய குமணன் முதிரமலைக்கு உரியவன். அம்மலையை உடுமலைப் பக்கத்துக் குதிரைமலை என்று கொள்வாரும் உண்டு. ஊர்ப்பெயர் என்று கொள்வதே பொருத்தம்.

பெயர் என்று வந்த பிறகு பெயரனை விட முடியாது. நம் வீடுகளில் பேரன் என்கிறோமே, அது பெயரன். தாத்தன் பெயரைத் தாங்கியவன். "சிறந்தோன் பெயரன் பிறந்தமாறே" என்பது நற்றிணை (40). ஒரே பெயரைத் தாங்கிய இன்னொருவனுக்கு முதல் தமிழ்ச்சொல் அதுதான். 'பெயரர்' என்று பன்மையாக்கி அப்படியே எடுத்துக்கொள்ளலாமே?

தாளவாடி, வணிகர்:

இடையில் வருவதற்கு மன்னிக்கணுங்க. எங்கள் மலைப்பக்கம் கன்னடமும் பேசுவோம். அங்கே பெயர் 'ஹெசரு'. பழங்கன்னடத்தில் 'பெசர்'. பெயர், பேரு, பெசர் எல்லாம் ஒரே குடும்பம். ஐயா தேர்ந்த சொல்லின் வேர் நல்ல ஆழமான வேர் என்று சொல்லத்தான் எழுதினேன்.

கோயம்புத்தூர், மென்பொருளாளர்:

வேர் ஆழம்தான் அண்ணா. ஆனால் இன்றைக்குப் பெயரர் என்று எழுதினால் பேரப்பிள்ளைகள் என்றே எல்லாரும் படிப்பார்கள். 'நாமக்கல் கவிஞரின் பெயரர்' என்று பட்டியல் காட்டினால் மா. இராமலிங்கம் அவருடைய பேரனாகிவிடுவார். நூலகத்தில் அந்தத் தப்பு ஆகாது.

ஆட்களுக்கு 'பெயரொத்தோர்' எப்படி? 'ஒத்த பெயரினர்' என்றும் யோசித்தேன். நம் ஊர்ப் பேச்சில் 'ஒத்தை' என்றால் ஒற்றை. 'ஒத்த ரூவா' என்கிறோம். ஒத்த பெயர் என்றால் ஒரே ஒரு பெயர் உள்ளவர் என்று ஆகிவிடும். 'பெயர்' முன்னால் வந்தால் அந்தச் சிக்கல் இல்லை.

ஈரோடு, பதிப்பாளர்:

பெயரொத்தோருக்கு என் ஆதரவு. எங்கள் பேச்சில் "எம் பேருக்காரர்" என்போம். அது இன்னும் இனிமை, ஆனால் பட்டியலில் எடுபடாது என்று தெரியும்.

பிரிக்கும் வழி பற்றி எனக்கு அக்கறை அதிகம், ஏனென்றால் நூல் அச்சிடுகிறவன் நான். எஸ். ஆர். ரங்கநாதன் பட்டியல் விதி வகுத்தபோது பெயரை அடுத்துப் பிறந்த ஆண்டைச் சேர்க்கச் சொன்னார். நல்ல முறை. ஆனால் எங்கள் ஊர் ஈ.வெ. ராமசாமி 1879இல் பிறந்தார், திருவிதாங்கூர் திவானாக இருந்த சி.பி. ராமசாமி ஐயரும் 1879. 'ராமசாமி, 1879' என்று போட்டுவிட்டு இருவரையும் ஒரே அடுக்கில் வைக்க முடியுமா?

சரி, தொழிலைச் சேர்ப்போம் என்றால் அதுவும் தீராது. சாண்டோ சின்னப்பா தேவர் கோவை இராமநாதபுரத்துக்காரர், உடற்பயிற்சியில் பெயர் எடுத்துப் படத்துறைக்கு வந்தவர். பி.யு. சின்னப்பா புதுக்கோட்டைக்காரர், அவரும் சிலம்பமும் மல்யுத்தமும் கற்றவர், அவரும் படத்துறை. ஒருவர் பிறந்தது 1915, மற்றவர் 1916. 'சின்னப்பா, நடிகர், பயில்வான்' என்றால் யார்? எம்.ஜி.ஆர். ஆரம்பப் படங்களில் 'எம்.ஜி. ராம்சந்தர்' என்று போட்டுக்கொண்டார். அதே காலத்தில் டி.ஆர். ராமச்சந்திரன், டி.கே. ராமச்சந்திரன் என்று இன்னும் இருவர் திரையில் இருந்தார்கள்.

எழுத்து ஒன்று போதாது, ஆண்டு ஒன்று போதாது, தொழில் ஒன்று போதாது. வினை, இனம், சார்பு என்று மூன்றையும் தொல்காப்பியர் அடுக்கியதன் அருமை எனக்கு இப்போதுதான் நன்றாக விளங்குகிறது. பட்டியலில் ஒவ்வொரு ஆளுக்கும் ஆண்டு, ஊர், பணி மூன்றும் கட்டாயம் என்று வைத்துவிடுங்கள். சொல் எதுவாக இருந்தாலும் அது இல்லாமல் பயன் இல்லை.

பொள்ளாச்சி, பள்ளி ஆசிரியை:

பதிப்பாளர் அண்ணா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். "எந்தச் சின்னப்பா?" என்று கேட்டு, கீழே ஆண்டு, ஊர், பணி மூன்றும் வந்தால் என் பிள்ளைகள் ஒரு பார்வையில் பிடித்துக்கொள்வார்கள்.

'ஆள்தெரி' எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் வினைத்தொகையாகப் படித்துப் பொருள் கொள்ள இன்று எத்தனை பேருக்குப் பழக்கம்? 'ஆளைத் தெரிகிற' என்றா, 'ஆள் தெரிந்த' என்றா என்று நின்றுவிடுவார்கள்.

கரூர், கல்வெட்டு ஆர்வலர்:

'சுடுசோறு', 'ஊறுகாய்' எல்லாம் வினைத்தொகைதான் டீச்சர். வீட்டில் தினமும் சொல்கிறோம். பழகாத சொல் என்று ஒவ்வொன்றையும் தள்ளிக்கொண்டே போனால் பழகுவதற்கு எதுவும் மிஞ்சாது. பெரியசாமித் தூரன் தமிழ்க் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதியாக நடத்தியபோது எத்தனையோ சொல் புதிதாக இருந்திருக்கும். அவர் தயங்கியிருந்தால் இன்று நமக்கு அறிவியல் எழுத எது இருக்கும்? அவரும் ஈரோட்டு மாவட்டத்துக்காரர்தான்.

கோபிசெட்டிபாளையம், கல்லூரி நூலகர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நாளைக் காலையில் கோப்பு போக வேண்டும். எழுதியவர்களில் பெரும்பாலோர் சாய்ந்த பக்கமாக முடிவு செய்திருக்கிறேன். ஆட்களுக்கு 'பெயரொத்தோர்'. பக்கத்தின் முகப்பில் வாசகருக்கு "எந்த இராமலிங்கம்?" என்ற கேள்வி. நூலகர்களுக்கான கையேட்டில் அந்தப் பக்கத்துக்கு 'பெயர்ப்பிரிப்புப் பக்கம்'. விக்கிப்பீடியாவில் உள்ள சொல்லும் அடைப்புக்குள் வரும், தேடுகிறவர்களுக்கு உதவும். ஆண்டு, ஊர், பணி மூன்றும் கட்டாயம் என்று விதியிலேயே சேர்த்துவிட்டேன்.

திருச்செங்கோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

காலக்கெடு இருப்பதால் தடுக்கவில்லை அம்மணி. ஆனால் பிரிப்பது பெயரையல்ல. பெயர் ஒன்றாகவே இருக்கிறது, பிரிவது ஆட்கள்தான். 'பெயர்ப்பிரிப்பு' பிழையான தொடர் என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது.

கரூர், கல்வெட்டு ஆர்வலர்:

ஐயா சொல்வதோடு உடன்படுகிறேன். நாங்கள் தொகுக்கும் கல்வெட்டுப் பட்டியலில் 'ஆள்தெரி பக்கம்' என்றுதான் போடப் போகிறோம்.

இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. புகளூர் ஆறுநாட்டார் மலையில் "கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ" என்று வெட்டியிருக்கிறது. பாலை பாடிய பெருங்கடுங்கோ என்று ஒரு புலவரும் இருக்கிறார், மருதம் பாடிய இளங்கடுங்கோவும் இருக்கிறார். கல்லில் இருப்பவரும் பாட்டில் இருப்பவரும் ஒருவரா, பெயரொத்தோரா? அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு தீரவில்லை. அவ்வையார் என்று வந்தால் அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவரையும் ஆத்திசூடி பாடியவரையும் பிரித்துவிடலாம். கடுங்கோவைப் பிரிக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. அப்படித் தெளியாமல் நிற்கும் பெயருக்குப் பட்டியலில் என்ன சொல் போடுவது?

திருச்செங்கோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நல்ல கேள்வி தம்பி. "குற்றி கொல்லோ மகன் கொல்லோ" (நிற்பது கட்டையோ, ஆளோ) என்று உரைகாரர்கள் காட்டும் ஐயக்கிளவியிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றுகிறது. 'ஐயப்பெயர்' என்று வைத்துப் பாருங்கள். கோவைத் தம்பி இதற்கும் ஒரு சிக்கல் சொல்வார், அவர் எழுதட்டும், பிறகு விரிவாகச் சொல்கிறேன்.