பத்தாம் வகுப்புப் பையன்களிடம் எந்தப் பெண்களைப் பற்றிப் பேசுவது?

பொருநைக்கரை எழுதியது:

நெல்லைக் குழு நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். மார்ச் 8 பெண்கள் தினத்துக்குப் பையன்களிடம் பேசும் பொறுப்பைத் தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்திருக்கிறார். அது சம்பந்தமாகத்தான் உங்களிடம் ஒரு உதவி.

வழக்கமாக இந்த நாளில் யாராவது ஒருவர் மேடையேறி, தாய் தன் வயிற்றைக் கட்டி நம் வயிற்றை நிறைத்தாள் என்று குரல் தழுதழுக்கப் பேசுவார். பையன்களும் நன்றாகக் கைதட்டுவார்கள். அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போவார்கள். எனக்கு இந்த மாதிரிப் பேச்சில் மனம் ஒட்டுவதில்லை. என்னை ஆளாக்கிய பெண்கள் பட்ட பாடு எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பாடுபட்டதற்காக மட்டும் அவர்களைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தால், அவர்களுக்குத் தெரிந்திருந்த விஷயங்களை யார் சொல்வது? அவர்களிடம் கணக்கு இருந்தது, கைத்திறன் இருந்தது, சட்டென்று முடிவெடுக்கும் தெளிவு இருந்தது. அதையெல்லாம் அவர்களிடமிருந்துதான் படித்தேன்.

எங்கள் அம்மா பீடி சுற்றியவர். முக்கூடல் பக்கம் எங்கள் தெருவில் பீடித்தட்டு இல்லாத வீடே கிடையாது. கடையில் இலையை எடைபோட்டுக் கொடுப்பார்கள். அந்த எடைக்கு இத்தனை பீடி வந்தாக வேண்டும் என்பது கணக்கு. இலை கிழிசலும் ஓட்டையுமாக வந்தால், குறைகிற பீடிக்கு நாம்தான் கைக்காசு போட்டு இலை வாங்கிச் சேர்க்க வேண்டும். அதனால் ஒரு துண்டு இலை வீணானாலும் அது அம்மாவின் கூலியில்தான் விழும்.

ராத்திரியே இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைப்பார். விடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, அளவுத் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டத் தொடங்குவார். தகட்டுக்கு ஒரே அளவுதான். ஆனால் இலை ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஒன்று நுனி சிறுத்திருக்கும், ஒன்றில் நடுவில் ஓட்டை இருக்கும், ஒன்றில் நரம்பு தடித்திருக்கும். அந்த நரம்பு தப்பான இடத்தில் விழுந்தால் சுற்றும்போது கிழிந்துவிடும். அம்மா இலையைக் கையில் எடுத்து ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். தகட்டை எந்தப் பக்கம் சாய்த்தால் இரண்டு துண்டு வரும், எதில் ஒன்றுக்கு மேல் தேறாது என்று அதற்குள் முடிவாகியிருக்கும். எனக்கு இலை வெட்டப் பழக்கியபோது, நான் ஒன்றை வெட்டிவிட்டு மிச்சத்தைத் தள்ளினால் கையைப் பிடித்துக்கொள்வார். "எய்யா, தகட்டத் திருப்பிப் பாரு. இன்னொண்ணு இருக்கு." பார்த்தால் இருக்கும்.

பரப்பளவுப் பாடம் பள்ளிக்கூடத்தில் வந்தபோது எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. ஒழுங்கில்லாத ஒரு வடிவத்துக்குள் ஒழுங்கான வடிவத்தை எத்தனை தடவை பொருத்தலாம் என்பது கணிதத்தில் லேசான கேள்வி இல்லை, பெரிய ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. எங்கள் அம்மாவுக்கு அது அன்றாட வேலையாக இருந்தது.

அடுத்தது, பதினோராம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்த டீச்சர். விடை சரியாக இருந்தாலும் பாதி மதிப்பெண்தான் போடுவார். "வழி எங்கே?" என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருப்பார். தப்பாகப் போட்டவனைத்தான் கரும்பலகைக்குக் கூப்பிடுவார். எந்த வரியில் வழி மாறியது என்று அவனே கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பார், வகுப்பில் ஒருவரையும் சிரிக்க விடமாட்டார். இன்றைக்கு நான் பாடம் எடுக்கும் முறை முழுவதும் அவருடையது.

என் மனைவி கிராம சுகாதாரச் செவிலியர். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையடிவார ஊர்களுக்குப் பஸ்ஸில் போகிறவள். அவளிடம் நான் படித்தது, எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பக்கூடாது என்பது. தடுப்பூசிக் குப்பிமேல் ஒரு சின்ன வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். வெப்பம் பட்டால் சதுரம் மெல்லக் கறுத்துக்கொண்டே போகும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். பெட்டியில் ஐஸ் உறைந்துதானே இருக்கிறது என்று விடமாட்டாள், ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் ஊசி.

இவர்கள் மூன்று பேரும் என் கணக்கில் வருகிறவர்கள். உங்கள் கணக்கில் யார்? தியாகம், பாசம் என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். அவருக்கு என்ன தெரிந்திருந்தது, அதில் நீங்கள் எதை எடுத்துக்கொண்டீர்கள், அதைச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பழைய வரலாற்றில் யாராவது இருந்தாலும் சரி.

தேரிக்காடு எழுதியது:

அண்ணாச்சி, எனக்கு உடன்குடிப் பக்கம். இப்போது தூத்துக்குடி மாவட்டம், ஆனால் 1986 வரை நாங்களும் திருநெல்வேலி மாவட்டம்தான், அதனால் நானும் பேசலாம்.

எங்கள் தாத்தா பனையேறி. ஊரில் தாத்தாவைப் பற்றித்தான் பேசுவார்கள், இத்தனை பனை ஏறுவார், அவ்வளவு உயரம் என்று. அது உண்மைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பனையிலிருந்து இறங்குவது பதநீர். அதைக் கருப்பட்டி ஆக்கியது ஆச்சி. விடிலிக்குள், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசைக்குள், அடுப்புக்கு முன்னால் அவர் எடுக்கிற முடிவில்தான் அந்த நாளின் வரும்படி இருந்தது.

பதநீர் வந்ததும் முதலில் நாக்கில் ஒரு சொட்டு. கலயத்தில் சுண்ணாம்பு குறைந்திருந்தால் புளிப்பு ஏறியிருக்கும், அது கருப்பட்டியாக இறுகாது. சுண்ணாம்பு கூடினால் ருசி கெடும். அந்த ஒரு சொட்டை வைத்தே எந்தப் பனையின் கலயத்தில் பூச்சு சரியில்லை என்று தாத்தாவிடம் சொல்லிவிடுவார். தாத்தா மறுநாள் அதைச் சரிசெய்வார், மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. கொதித்துப் பொங்கி வரும்போது ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவார், பொங்கல் அடங்கும். பாகு இறுகும் நேரத்தில் யாரும் அவரோடு பேசக்கூடாது. ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார். கரைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. உருண்டு நின்றால் உடனே தீயை இழுத்துவிட்டுச் சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் அடிப்பிடித்துவிடும்.

நான் இப்போது தூத்துக்குடியில் பேக்கரி வைத்திருக்கிறேன், மக்ரூன்தான் முக்கியம். முட்டை வெள்ளைக்கருவை அடித்து நுரை நிற்கிற பக்குவத்தில் சர்க்கரையும் முந்திரிப்பொடியும் சேர்க்க வேண்டும். மெஷின் இருக்கிறது, டைமர் இருக்கிறது. ஆனாலும் மழைக்காலக் காற்றுக்கு ஒரு பதம், கோடைக்கு ஒரு பதம். கடிகாரத்தை நம்பாமல் பொருளைப் பார் என்பது ஆச்சி எனக்குக் கொடுத்தது. வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும்போது பெயர் சொல்லித்தான் சொல்கிறேன், இது எங்கள் ஆச்சியின் முறை என்று.

பாளை தெற்கு பஜார் எழுதியது:

பழைய வரலாறு கேட்டீர்கள், பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சாரா டக்கரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் பெயரில் கல்லூரி இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த அம்மையார் இங்கிலாந்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததே இல்லை. உடல்நலம் குன்றியவர். அவருடைய சகோதரர் சென்னையில் மிஷன் வேலையில் இருந்தார். அவர் மூலம் இங்குள்ள பெண்கள் எழுத்து வாசனை இல்லாமல் இருப்பதைத் தெரிந்துகொண்டு, இவர்களுக்குக் கல்வி வேண்டும் என்று உழைத்தார். சாரா இறந்த பிறகு அவர் நினைவாகத் தோழிகள் திரட்டிய பணத்தில் 1858இல் இங்கே ஆசிரியைகளுக்கான பயிற்சிப் பள்ளி வந்தது. 1895இல் கல்லூரி. பெண் குழந்தைகளைப் படிக்கவைக்க வேண்டுமானால் முதலில் ஆசிரியைகள் வேண்டும் என்று தொடக்கத்திலேயே யோசித்திருக்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

எங்கள் அத்தை அந்தக் கல்லூரியில் படித்தவர். தெருவுக்கே மனு எழுதிக்கொடுப்பார். பட்டா, முதியோர் பென்ஷன், தெருக்குழாய், எதுவானாலும் அத்தை வீட்டுக்கு வருவார்கள். சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து கார்பன் தாளைப் பிடித்துக்கொண்டிருப்பேன். வருகிறவர்கள் தங்கள் கதையை முதலிலிருந்து சொல்வார்கள். அத்தை முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்ன வேண்டும் என்பதை முதல் வரியில் எழுதுவார். சர்வே எண், தேதி, முன்பு கொடுத்த மனுவின் விவரம், அதற்கடுத்து. கஷ்டமெல்லாம் கடைசிப் பத்தியில் இரண்டு வரி. "ஆபீசர் முதல் வரியத்தான் படிப்பாரு, அழுகைய அங்க வைக்காத" என்பார். மனுவைக் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பி வரக்கூடாது என்று சொல்லியே அனுப்புவார். நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து பிழைத்தேன். பிழைப்பு அத்தை போட்டது.

ஆலங்குளத்துக்காரி எழுதியது:

சார், நீங்கள் உங்கள் அம்மாவின் இலை வெட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "சரியாச் சொல்லிருக்காரு" என்றார். நானும் படிக்கும்போதே சுற்றியவள்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திறமையைப் புகழும்போது கூலியையும் சேர்த்தே பேசுங்கள். வீட்டில் உட்கார்ந்து, டிவி பார்த்துக்கொண்டே செய்கிற வேலை என்று ஆண்கள் பலர் இன்றைக்கும் நினைக்கிறார்கள். 1966ஆம் ஆண்டு பீடித் தொழிலாளர் சட்டமே வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றுதான் சொன்னது. அப்படியிருந்தும் எத்தனை வீட்டில் பீடித் தொழிலாளி கார்டு ஒரு ஆள் பெயரில், சுற்றுவது மூன்று பேர்? எங்கள் அம்மா வருடக்கணக்கில் சுற்றியது முழுக்க எங்கள் பாட்டியின் கார்டில்தான் ஏறியது. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கேட்கப் போனபோது அம்மா பெயரில் ஒன்றுமே இல்லை. திறமை இருந்தது, அதற்குச் சாட்சி இல்லை. கழுத்துவலியும் புகையிலைத் தூள் நெடியில் வந்த இருமலும் மட்டும் அவர் பெயரில் இருக்கிறது. இதையும் பையன்கள் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னொன்று. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை இருக்கிறது, ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவின் அடையாள அட்டை வேண்டும், பையன் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு இது கிடைக்கிறது என்று ஒரு தடவை விசாரியுங்கள். அட்டை யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியும் அப்போது தானாக வரும்.

பேச்சுக்குப் பதில் உங்கள் அம்மாவையே வகுப்புக்கு அழைத்துவரலாமே? தூள் வேண்டவே வேண்டாம், பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது. இலையும் தகடும் கத்தரியும் போதும்.

பொருநைக்கரை எழுதியது:

ஆலங்குளத்து அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது? பேச்சின் பாதி இடத்தை நீங்கள் சொன்னதற்கே ஒதுக்கிவிட்டேன். இன்று வகுப்பில் விசாரித்தேன். வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள் இருந்தால் கையைத் தூக்குங்கள் என்றதும் முதலில் தயங்கினார்கள். எங்கள் அம்மாவும் சுற்றியவர்தான் என்று நான் சொன்ன பிறகு பாதி வகுப்பு கையைத் தூக்கியது. உதவித்தொகையைப் பற்றிக் கேள்விப்பட்டவன் ஒன்றிரண்டு பேர்தான். சனிக்கிழமை அதற்கென்றே உட்காரப் போகிறோம், அடையாள அட்டையின் நகலை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.

தேரிக்காடு தம்பி, உங்கள் ஆச்சியை வகுப்பில் சொல்வேன். ஆமணக்கு விதை பொங்கலை எப்படி அடக்குகிறது என்று அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன், விதையில் உள்ள எண்ணெய் நுரையை உடைத்துவிடும் என்றார். பாளை அண்ணாச்சி, முதல் வரியில் என்ன வேண்டும் என்று எழுதும் முறையை உதவித்தொகைக் கடிதத்தில் அப்படியே பயன்படுத்துகிறோம்.

அம்மாவிடம் கேட்டேன். கண் மங்கியதால் சுற்றுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது, ஆனால் கத்தரி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வந்து நான் என்ன பேச என்று முதலில் தயங்கினார். பேசவே வேண்டாம், வெட்டிக் காட்டினால் போதும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இலை நல்ல இலையா வாங்காத. கிழிசல் இலையா வாங்கு. நல்ல இலைய யாரு வேணாலும் வெட்டுவா" என்றார்.

அக்கா, சில்லறையாகக் கொஞ்சம் இலை வேண்டும். கடையில் கேட்டால் கொடுப்பார்களா?

ஆலங்குளத்துக்காரி எழுதியது:

அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் கேட்டது மாதிரி கிழிசல் இலை எங்கள் வீட்டிலேயே ஒரு பை இருக்கிறது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், எந்த வண்டி என்று சொல்லுங்கள். தனிச்செய்தியில் உங்கள் எண்ணை அனுப்புங்கள். முந்தின ராத்திரி நனைத்தால் போதும், அதற்கு முன்னால் நனைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். நாற்பது பையன்களுக்கு ஒரு தகடு பற்றாது, அட்டையில் அதே அளவுக்கு வெட்டி எல்லோருக்கும் ஒன்று கொடுத்துவிடுங்கள்.