பாம்பு சட்டை உரிக்கிறதா, உடம்புக்கு முடியவில்லையா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நானே தொடங்குகிறேன். வளர்ப்பது பால் பைத்தான் (ball python) என்ற சிறிய மலைப்பாம்பு வகை. முதல் தடவை அதன் கண் வெளுத்தபோது பார்வையே போய்விட்டதோ என்று பதறிவிட்டேன். இரண்டு கண்ணும் நீலம் கலந்த பால் நிறம். முதுகு மங்கி, வயிறு முழுக்க இளஞ்சிவப்பாகிவிட்டது. இரை வைத்தால் சீண்டவில்லை, கையை நீட்டினால் சீறல். அப்புறம் கண் தானாகத் தெளிந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தபோது, சில நாள் கழித்து முழுச் சட்டையும் தொட்டிக்குள் கிடந்தது.

பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே திரவம் ஊறுவதால்தான் இந்த வெளுப்பு. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது ஒளி ஊடுருவும் ஒரு செதில். சட்டையோடு அதுவும் கழன்று வர வேண்டும். மங்கல் தொடங்கியதிலிருந்து உரித்து முடிக்க ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகலாம். அதுவரை கையில் எடுக்காமல், இரைக்கு வற்புறுத்தாமல் விட்டுவிடுவதே அதற்குச் செய்யும் உதவி.

*

நல்ல இழை. என் கார்ன் ஸ்நேக்குக்கு நடந்ததை அவசியம் சொல்ல வேண்டும்.

அதற்கு வெளுத்தது ஒரு கண் மட்டும். உடம்பின் ஆரஞ்சு நிறம் பளிச்சென்று இருந்தது, இரையும் எடுத்தது. "சட்டை உரிக்கப் போகிறது, பொறுங்கள்" என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தக் கண் மற்றதைவிடச் சற்றுப் புடைத்திருந்தது. ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோனேன். கண் செதிலுக்குள் ஊறும் நீர் வாய்க்குள் வடிய ஒரு மெல்லிய குழாய் உண்டு. வாயில் வந்த தொற்று அதன் வழியே மேலேறிச் சீழ் கட்டியிருந்தது. செதிலின் கீழ் ஓரத்தில் சிறிதாக வெட்டி, கழுவி, ஆன்டிபயாடிக் கொடுத்தார். காத்திருந்திருந்தால் கண் போயிருக்கும்.

அன்றிலிருந்து இரண்டு விஷயம்தான் பார்க்கிறேன். உரிப்பின் வெளுப்பு இரண்டு கண்ணிலும் சேர்ந்தே வரும், உடம்பு மங்கலும் கூட வரும். உரித்து முடித்ததும் எல்லாம் போய்விடும். அதற்குப் பிறகும் எது மிச்சமிருக்கிறதோ அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அதனால் கழற்றிய சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். நல்ல சட்டை காலுறையைக் கழற்றியதுபோல உள்வெளியாகத் திரும்பி, ஒரே துண்டாக வரும். தலைப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு குட்டி வட்டக் கண்ணாடிகள் தெரிய வேண்டும். அங்கே ஓட்டை இருந்தால் அந்தச் செதில் கண்ணிலேயே ஒட்டியிருக்கலாம். தயவுசெய்து விரலாலோ இடுக்கியாலோ பிய்க்காதீர்கள், அடியிலுள்ள புதுச் செதிலும் சேர்ந்து கிழியும். ஈரப்பதத்தைக் கூட்டினால் பெரும்பாலும் அடுத்த உரிப்பில் வந்துவிடும். வராவிட்டால் மருத்துவர்தான்.

*

வால் நுனியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் எடுத்து வளர்க்கும் ஒரு பாம்பு, வரும்போதே வாலில் பழைய தோல் வளையம் வளையமாக இறுகியிருந்தது. அப்படியே விட்டால் ரத்த ஓட்டம் நின்று நுனி கருத்துச் செத்துவிடும். வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, ஈரத் துணிக்குள் ஊர்ந்து போகவிட்டேன். துணியில் உரசி உரசித் தானாகக் கழன்றது.

துண்டு துண்டாக உரிப்பதற்கு முதல் காரணம் வறட்சி. பால் பைத்தானுக்கு 60 சதவீதத்தை ஒட்டி ஈரப்பதம் வேண்டும். ஈரப்பாசி போட்ட ஒரு மூடிய பெட்டியை உள்ளே வைத்தால் வேண்டும்போது தானே போய்ப் படுத்துக்கொள்ளும். ஈரப்பதம் சரியாக இருந்தும் உரிப்பு கெட்டால் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஈர வெள்ளை டிஷ்யூவால் உடம்பைத் துடைத்தால் மிளகுத்தூள் அளவில் கறுப்புப் புள்ளிகள் ஒட்டும். தாடைக்கு அடியிலும் கண் விளிம்பிலும் ஒளிந்திருக்கும். பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் கிடப்பதும் அதன் அறிகுறியாக இருக்கலாம்.

முதலில் எழுதியவர் சொன்ன இளஞ்சிவப்பு வயிறு பரவலாக இருக்கும். ஆங்காங்கே சில செதில்கள் மட்டும் செம்பழுப்பாகி, கொப்புளம் கட்டி, நாற்றமும் வந்தால் அது செதில் அழுகல். தொட்டியின் தரை ஓயாமல் நனைந்தே கிடப்பதால் வருவது. மூச்சில் வரும் லேசான விசில் சத்தத்தையும் இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூக்கில் பழைய தோல் தளர்ந்திருக்கும்போது கேட்கும், உரித்ததும் நின்றுவிடும். உரித்த பிறகும் கேட்டாலோ, எப்போதானாலும் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மூக்கில் நுரை தெரிந்தாலோ நுரையீரல் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே கொண்டுபோங்கள்.