லயத்துச் சொந்தங்கள் குழு (லயம்: தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு): ஞாயிறு இரவு

தீபா: நேற்று கரண்ட் வந்ததும் ‘தி ஃபியூஜிட்டிவ்’ பார்த்தோம். 1993இல் வந்த படம், ஹாரிசன் ஃபோர்ட். ரயில் கவிழும் இடத்தில் மாமாவைத்தான் நினைத்துக்கொண்டேன் 😄

மாமா: நான் எப்போதோ பார்த்தாயிற்று. அது நிஜ ரயில்.

கண்ணன் அண்ணா: சரியாகச் சொன்னீர்கள் மாமா. வட கரோலினாவில் டில்ஸ்போரோ என்ற ஊரில் நிஜ என்ஜினையே விட்டு மோதவைத்தார்கள். உடைந்த மிச்சம் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாமா: 28 வருஷம் வட்டவளைப் பக்கம் தண்டவாளம் பராமரிக்கும் ரயில்வே கேங்கில் வேலை பார்த்தவன் நான். தடம் புரண்ட சக்கரம் சிலிப்பர் கட்டையை ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டே போகும். பொம்மை ரயிலில் அது வராது. ஒருமுறை சாமான் பெட்டி சரிந்து, மழையில் விடிய விடிய ஜாக்கி வைத்தோம். அத்தை கொடுத்தனுப்பிய ரொட்டியெல்லாம் கிரீஸ் வாசம்.

சித்தி: அணைக்கட்டிலிருந்து குதிப்பதுதான் நம்பும்படி இல்லை.

கண்ணன் அண்ணா: அணை நிஜம் சித்தி, குதித்தது பொம்மை.

தீபா: காசல்ரீ அணையில் நின்று எட்டிப் பார்த்தாலே எனக்குக் கால் கூசும்.

கண்ணன் அண்ணா: இதற்கு மூலம் ஒரு டிவி தொடர். 1963 முதல் 1967 வரை, 120 எபிசோடு. டேவிட் ஜான்சன் நடித்தது. முதல் மூன்று சீசன் கறுப்பு வெள்ளை.

சித்தி: 120தானா? நான் பார்க்கும் சீரியலில் அதற்குள் கல்யாணப் பந்தல்கூடப் போட மாட்டார்கள்.

தீபா: கதை அதேதானா?

கண்ணன் அண்ணா: கரு அதேதான். மனைவியைக் கொன்றதாக டாக்டருக்கு மரண தண்டனை. கொன்றவன் ஒற்றைக் கைக்காரன். ஆனால் தொடரில் வாரம் ஓர் ஊர், ஒரு பொய்ப் பெயர், கிடைத்த கூலி வேலை. யாருக்காவது கஷ்டம் என்றால் நின்று உதவுவார், அதனாலேயே மாட்டப் பார்ப்பார். படத்தில் அந்த அலைச்சலே இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பையனைக் காப்பாற்றுகிறாரே, அதோடு சரி.

மாமா: அந்த ஒன்றே போதும். 120ஐயும் இரண்டு மணி நேரத்தில் திணித்திருந்தால், சாக்கில் அமுக்கிக் கட்டின கொழுந்து மாதிரி சூடேறிக் கறுத்துப் போயிருக்கும்.

மாமா: எனக்குப் பிடித்தது துரத்துகிற ஆள். டாமி லீ ஜோன்ஸ். “நான் கொல்லவில்லை” என்று டாக்டர் கத்த, “எனக்கென்ன” என்கிறாரே! பிடிப்பது மட்டும்தான் அவர் வேலை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கே சந்தேகம் வருகிறது பாருங்கள்.

கண்ணன் அண்ணா: அதற்குத்தான் அவருக்கு ஆஸ்கார். தொடரில் துரத்துவது, டாக்டரைக் கைவசம் வைத்திருந்து தவறவிட்ட போலீஸ்காரர். அவருக்கு அது மானப் பிரச்சினை. படத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு மார்ஷலை (தப்பியோடியவர்களைப் பிடிக்கும் மத்திய அரசு அதிகாரி) கொண்டுவந்தது கெட்டிக்காரத்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் மருந்துக் கம்பெனிச் சதி என்று போனது எனக்கு ஒட்டவில்லை. தொடரில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கொலையை நேரில் பார்த்துவிட்டு, தன் கோழைத்தனம் வெளியே தெரியக்கூடாது என்று வாயே திறக்க மாட்டார். டாக்டர் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருப்பார். அதுதான் சுடுகிறது.

தீபா: அண்ணா, முடிவைச் சொல்லிவிட்டீர்களே 😡

கண்ணன் அண்ணா: 1967இல் முடிந்ததுக்கு இப்போது கோபமா?

சித்தி: வாய் திறக்காத பக்கத்து வீட்டுக்காரரா? நம் லயத்தில் நடக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டி விழுந்தாலே காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும்.

மாமா: கண்ணா, தீபாவளிக்கு வரும்போது அந்தத் தொடரைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவா.

கண்ணன் அண்ணா: 120ஐயுமா மாமா?

மாமா: ரயில் கவிழ்வது எதில் வருகிறது?

கண்ணன் அண்ணா: முதல் எபிசோடிலேயே. ராத்திரி ரயில், கொஞ்ச நேரம்தான்.

மாமா: அது போதும். நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பொம்மையா நிஜமா என்று நான் சொல்கிறேன்.