கல்யாண ஓலை: எங்கே மாட்டும், ஏன் மாட்டும்

பங்கு அலுவலக மேசை

ஈஸ்டர் முடிந்துவிட்டால் எல்லாக் கத்தோலிக்கப் பங்குகளிலும் (பங்கு என்றால் ஒரு கோவிலும் அதைச் சேர்ந்த குடும்பங்களும்) அடுத்தடுத்து ஓலைதான், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோவிலில் வாசிக்கும் அறிவிப்பு. மண்டபத்துக்கு ஆறு மாதம் முன்பே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பங்கு அலுவலகத்துக்கு வருவது மட்டும் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது. அந்த மூன்று வாரமும் ஓலை வாசிக்கவே சரியாகப் போய்விடும். ஓலைக்கு முன்னால் முடிய வேண்டியதை எப்போது முடிப்பது? சொந்தக் கதையை விட்டுவிட்டு, எந்தத் தாள், எங்கே வாங்குவது, எதனால் மாட்டும் என்பதை மட்டும் தெரிந்தவர்கள் எழுதுங்கள். நான் முதலில் தொடங்குகிறேன்.

முதல் தாள் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) சான்று. கல்யாணத்துக்கு முந்தைய 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். குழந்தையாக இருந்தபோது வாங்கி லேமினேட் செய்து பீரோவில் வைத்திருப்பது உதவாது. திருமுழுக்குப் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஓர் ஓரக்குறிப்புக் கட்டம் இருக்கும். உறுதிபூசுதல் (திருமுழுக்குக்குப் பின் பெறும் அருளடையாளம்), திருமணம், குருத்துவம், துறவற வார்த்தைப்பாடு எல்லாம் அங்கேதான் ஏறும். அந்தக் கட்டம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் புதிய சான்று கேட்கிறோம். ஓரக்குறிப்பு இல்லை என்றாலும் 'குறிப்பு: இல்லை' என்று எழுதி, கையொப்பம், பங்கு முத்திரையோடு வர வேண்டும். அந்த இடத்தை வெறுமனே விட்டு வரும் சான்றுகளைத் திருப்பி அனுப்புவதிலேயே ஒரு வாரம் போய்விடுகிறது.

அதோடு உறுதிபூசுதல் சான்று, திருமணத் தயாரிப்புப் பயிற்சிச் சான்று, வயதுச் சான்று. பயிற்சி எத்தனை நாள், எந்த வாரக்கடைசி என்பது மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், நிர்வாகத்தில் உள்ள பகுதி) மாறும். தேதியை விசாரித்து முதலிலேயே பெயர் கொடுத்துவிடுங்கள். திருச்சபைச் சட்டத்தில் ஆணுக்கு 16, பெண்ணுக்கு 14 என்று இருப்பதைப் படித்துவிட்டு வாதாட வர வேண்டாம். நாட்டுச் சட்டப்படி 21, 18. அரசு ஏற்காத திருமணத்தை ஆயரின் அனுமதியில்லாமல் நடத்தக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது.

கிளைக்கோவில்காரன்

அண்ணன் சொன்னதோடு ஒன்று. சான்று எந்தப் பங்கில் இருக்கிறது என்பதையே பலர் தப்பாக நினைக்கிறார்கள். இன்றைக்குத் தனிப்பங்காக இருக்கிற ஊர் 20 வருடத்துக்கு முன் கிளைக்கோவிலாக இருந்திருக்கும். ஞானஸ்நானம் அந்த ஊர்க் கோவிலிலேயே நடந்திருந்தாலும் பதிவு தாய்ப்பங்கின் புத்தகத்தில் இருக்கும். பங்கு பிரியும்போது பழைய புத்தகங்கள் பிரிவதில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகிற வழக்கத்தால் மூத்த பிள்ளைகளின் பதிவு பெரும்பாலும் அம்மாவின் ஊரில் இருக்கும். கடிதம் எழுதுவதற்கு முன் வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தக் கோவில், எந்த வருடம், ஞானத்தகப்பன் அல்லது ஞானத்தாய் (ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கைதொட்டு நின்றவர்) யார். வருடம் தெரியாமல் போனால் புத்தகம் புத்தகமாகப் புரட்ட வேண்டிவரும். நிறைய இடத்தில் பெயர் அகராதி கிடையாது, தேதி வரிசைதான்.

பெயர் இன்னொரு தலைவலி. பதிவேட்டில் சூசை, ஆதாரில் ஜோசப். பதிவேட்டில் அருளப்பன், பாஸ்போர்ட்டில் ஜான். பழைய புத்தகமாக இருந்தால் தகப்பன் பெயர் லத்தீனில் 'சவேரியுஸ்' என்று இருக்கும், மகனோ சவரிமுத்து மகன். இதற்காகப் பதிவேட்டை அடித்துத் திருத்தச் சொல்லி எழுத்தரை நெருக்காதீர்கள். மூலப் பதிவில் கை வைக்கக் கூடாது. ஆயர் இல்ல அனுமதி பெற்று ஓரத்தில் குறிப்பு எழுதலாம். அதற்கு நேரமில்லை என்றால் 'இருவரும் ஒருவரே' என்று பங்குத்தந்தை தரும் கடிதம் திருமணத்துக்குப் போதும். பிறகு பாஸ்போர்ட், விசாவுக்கு அந்தக் கடிதம் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அத்தை மகள் ரத்தினம்

நம் ஆட்களுக்கு மாட்டுகிற பெரிய இடம் சொந்தம். அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள் என்று முறை பார்த்துப் பேசி முடித்துவிட்டு, 'முறைப்பெண்தானே, இதில் என்ன தடை' என்று வருவார்கள். ஊர் முறை வேறு, திருச்சபைக் கணக்கு வேறு.

இப்போதைய சட்டப்படி பக்கவழி ரத்த உறவில் நான்காம் படி வரை திருமணத் தடை. எண்ணுவது சுலபம். இருவருக்கும் பொதுவான மூதாதையைக் கண்டுபிடியுங்கள். இரண்டு பக்கமும் வருகிறவர்களை எண்ணுங்கள், மூதாதையை மட்டும் விட்டுவிடுங்கள். மாமன் மகளைக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளை, அவர் அம்மா: இரண்டு. பெண், அவள் அப்பா: இரண்டு. மொத்தம் நான்கு, தடை உண்டு. அக்கா மகள் என்றால் மாமன் ஒன்று, அக்காவும் மகளும் இரண்டு, ஆக மூன்றாம் படி. இன்னும் நெருக்கம். அதே மாமன் மகளுடைய மகள் என்றால் ஐந்து, தடை இல்லை. இரண்டு பேரின் பாட்டிகள் அக்கா தங்கை என்றால் ஆறு, அதுவும் தடை இல்லை.

மூன்று, நான்காம் படிகளுக்கு ஆயர் இல்லத்திலிருந்து தடைவிலக்கு வாங்கலாம். விண்ணப்பத்தைப் பங்குத்தந்தை எழுதுவார். நீங்கள் கொடுக்க வேண்டியது இரண்டு பக்க வம்சாவளி (தாத்தா, பாட்டி பெயர் வரை), இந்தத் திருமணம் ஏன் வேண்டும் என்பதற்கு நியாயமான காரணம். 'ஏற்கெனவே பத்திரிகை அடித்தாயிற்று' என்பதை முதல் காரணமாக எழுதக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். நேர்வழி உறவுக்கும் இரண்டாம் படிக்கும், அதாவது உடன்பிறந்தோருக்கு, விலக்கே கிடையாது.

தடைவிலக்கு வாங்காமல் மறைத்து நடத்தினால் திருமணம் செல்லாது. தெரியாமல் நடந்தாலும் செல்லாது. ஓலை வாசிக்கும்போது யாராவது எழுந்து சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஊரில் எல்லோருக்கும் அது முறைதான் என்பதால் யாரும் தடையாக நினைக்க மாட்டார்கள். எனவே மந்திரம் சொல்லப் போகிற அன்றே (பங்குத்தந்தையிடம் செபம் சொல்லி, திருமண விசாரணைக்கு உட்காரும் நாள்) 'நாங்கள் சொந்தம்' என்று நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

பெரியவர்கள் சிலர் பாட்டிகள் அக்கா தங்கை என்றாலும் விலக்கு வேண்டும் என்பார்கள். அவர்கள் சொல்வது 1917 சட்டப்படி சரி. 1983 நவம்பர் 27 முதல் புதிய சட்டம் வந்துவிட்டது. இறந்துபோன மனைவியின் தங்கையைக் கட்டவும் அன்று விலக்கு வேண்டும், இன்று வேண்டாம்.

முத்துக்குளி

அக்கா, மறுதரம் கட்டுகிறவர்களுக்கு முந்தைய திருமணச் சான்றும் துணைவரின் இறப்புச் சான்றும் சேர்த்து வேண்டும். கோர்ட்டில் விவாகரத்து வாங்கியது மட்டும் போதாது, மறைமாவட்டத் திருமணத் தீர்ப்பாயத்தின் முடிவு வேண்டும். அது தனி இழைக்கான விஷயம்.

மற்ற சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் (சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை மாதிரி) என்றால் ஆயரின் அனுமதி. ஞானஸ்நானமே பெறாதவர் என்றால் தடைவிலக்கு. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு: அனுமதி வாங்காமல் நடந்தால் முறைகேடு, தடைவிலக்கு வாங்காமல் நடந்தால் திருமணமே செல்லாது. இரண்டிலும் உறுதிமொழி கொடுப்பது கத்தோலிக்கத் தரப்பு. விசுவாசத்தைக் காத்துக்கொள்வேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று. மற்றவர் கையெழுத்துப் போட்டு மதம் மாற வேண்டும் என்று நினைத்துப் பயப்படுகிற வீடுகள் நிறைய. அவருக்கு இந்த உறுதிமொழி தெரிந்திருந்தால் போதும்.

குமரிக் கரை

எங்கள் மாவட்டத்தில் ஒரே சந்திப்பில் மூன்று கத்தோலிக்கக் கோவில் இருக்கும். லத்தீன், சீரோ மலபார் (தக்கலை), சீரோ மலங்கரா (மார்த்தாண்டம்). பின்னிரண்டும் கீழை வழிபாட்டு முறையைச் சேர்ந்தவை, 1996-இல் மறைமாவட்டங்கள் ஆயின. இருவருமே கத்தோலிக்கர் என்பதால் கலப்புத் திருமண அனுமதி வேண்டாம். ஆனால் இரண்டு இடத்தில் சறுக்கும்.

ஒன்று, லத்தீன் திருமணத்தைத் திருத்தொண்டர் (குருவானவருக்கு அடுத்த நிலையில் உள்ள டீக்கன்) நடத்தலாம். ஒரு தரப்பு கீழை வழிபாட்டு முறையைச் சேர்ந்தவர் என்றால் குருவானவர்தான் ஆசீர்வதிக்க வேண்டும். 2016-இல் லத்தீன் சட்டத்திலேயே இதைத் தெளிவாகச் சேர்த்துவிட்டார்கள். இரண்டு, ஞான உறவு. ஞானத்தகப்பனுக்கும் அவர் கைதொட்ட பிள்ளைக்கும், அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் இடையே கீழைச் சட்டத்தில் இன்னும் திருமணத் தடை உண்டு. லத்தீனில் 1983-ஓடு போய்விட்டது. 'நம்ம பக்கம் இல்லையே' என்று விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, கோட்டாறிலிருந்து குழித்துறை மறைமாவட்டம் 2014-இல் பிரிந்தது. மேற்குப் பக்கத்து ஆட்கள் பழக்கத்தில் விண்ணப்பத்தைக் கோட்டாறுக்கே அனுப்பி, அது திரும்பி வர நாள் போகிறது.

அறிவிப்பு வாசிப்பவர்

ஓலை வாசிப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இரண்டு பங்கிலும் மூன்று ஞாயிறு. வாசகத்தில் இருக்க வேண்டியது: இருவரின் முழுப்பெயர், பெற்றோர் பெயர், பங்கு, 'தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளார்கள்', கடைசியில் 'இது முதல் ஓலை' அல்லது இரண்டாம், மூன்றாம் ஓலை.

நன்றி மன்றாட்டு முடிந்து, இறுதி ஆசீருக்கு முன் வாசிப்பார்கள். அதற்குள் பாதிப் பேர் பைக்கை எடுக்கப் போயிருப்பார்கள், அதனால் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிடுவது நல்லது. அன்பியக் கூட்டம், நோட்டு விநியோகம், கேட்பாரற்ற குடை என்று பதினைந்து அறிவிப்புக்கு நடுவில் ஓலையைச் செருகாதீர்கள். அதை முதலில் வாசித்துவிட்டு ஒரு நொடி நிறுத்துங்கள். பெயரை முந்தைய நாளே வீட்டாரிடம் வாசித்துக் காட்டிச் சரிபாருங்கள். பங்கு வாட்ஸ்ஆப் குழுவில் போடுவதென்றால் கைப்பேசி எண், ஆதார் நகல் தெரியாமல் போடுங்கள். விண்ணப்பத்தை அப்படியே படமெடுத்துப் போட்டுவிடுகிற அவசரக்காரர்கள் எல்லாப் பங்கிலும் இருக்கிறார்கள்.

மூன்றாம் ஓலை முடிந்ததும் 'ஓலை வாசிக்கப்பட்டது, தடை எதுவும் வரவில்லை' என்ற கடிதம் ஒரு பங்கிலிருந்து திருமணம் நடக்கும் பங்குக்குப் போக வேண்டும். வாசித்துவிட்டார்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள், கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. இங்கேதான் அடிக்கடி மாட்டும்.

துபாய் லீவு

30 நாள் லீவில் வருகிற மாப்பிள்ளைகளுக்கு: வந்து இறங்கித்தான் மந்திரம் சொல்ல வேண்டும் என்றில்லை. திருமண விசாரணையை நீங்கள் இருக்கிற நாட்டுப் பங்கிலேயே முடித்து அனுப்பலாம். அந்தத் தாள்கள் அங்குள்ள ஆயர் இல்ல முத்திரையோடு இங்குள்ள ஆயர் இல்லம் வழியாகப் பங்குக்கு வரும் என்பதால் இரண்டு, மூன்று மாதம் ஒதுக்குங்கள். நீண்ட காலம் வெளிநாட்டில் இருப்பவர்களிடம், அங்கே திருமணம் எதுவும் செய்யவில்லை என்ற சான்றும் கேட்பார்கள். நியாயமான காரணம் இருந்தால் ஒன்று, இரண்டு ஓலைக்கு விலக்கு கிடைக்கும். அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

கிளைக்கோவில்காரன்

கல்யாண நாளில் வருகிற ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தில் ஒரு சித்தப்பா குருவானவர், அவர்தான் தாலி ஆசீர்வதித்து நடத்த வேண்டும் என்பார்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் பங்கின் எல்லைக்குள் திருமணத்தை நடத்தும் அதிகாரம் பங்குத்தந்தைக்கு. சித்தப்பா ஃபாதருக்கு அவர் பெயர் சொல்லி அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். மரியாதைக்காக அல்ல, திருமணம் செல்லுபடியாவதற்கே இது வேண்டும். வாய்மொழியாகவும் கொடுக்கலாம், எழுத்தில் இருந்தால் பதிவேட்டோடு வைக்க வசதி. 'பெரிய ஃபாதர்தானே, யார் கேட்கப் போகிறார்கள்' என்று விட்டால் பின்னால் செல்லுபடியாக்கும் சடங்கு வரை போகும்.

சாட்சிகள் இரண்டு பேர். கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, சம்மதம் சொல்லும் நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். வீடியோக்காரர் வெளிச்சத்துக்காகச் சாட்சிகளைத் தள்ளி நிற்கச் சொன்னால் சம்மதம் முடிகிற வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

பங்கு அலுவலக மேசை

கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் மண்டபத்துக்குப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு வேலை பாக்கி.

அரசுப் பதிவு. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் அடுத்த 60 நாளுக்குள் கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். பங்குத் திருமணச் சான்று, வயது, முகவரிச் சான்றுகள், பத்திரிகை, படங்கள் கொண்டுபோங்கள். சான்றில் உள்ள பெயரும் ஆதார் பெயரும் ஒன்றுபோல இருக்கிறதா என்று திருமணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பாருங்கள்.

அடுத்தது, திருமணம் நடந்த பங்கிலிருந்து இருவருக்கும் திருமுழுக்கு நடந்த பங்குகளுக்கு அறிவிப்பு போய், அங்கே ஓரக்குறிப்பு ஏற வேண்டும். அனுப்புவது திருமணம் நடத்திய பங்கின் கடமை. மூன்று இடம் மூன்று மறைமாவட்டமாக இருந்தால் தபால் எங்காவது நின்றுவிடும். அதனால் அறிவிப்புப் படிவத்தின் அடியில் 'பதிவு செய்யப்பட்டது' என்று கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும் துண்டு ஒன்று வையுங்கள். திரும்பி வந்த துண்டைத் திருமணக் கோப்பில் ஒட்டிவையுங்கள். இரண்டு மாதத்தில் வரவில்லை என்றால் போன் போட்டுக் கேளுங்கள்.

முத்துக்குளி

துண்டில் பதிவேட்டு எண், பக்க எண் இரண்டும் கேட்டு வாங்குங்கள் அண்ணே. பதிந்தாயிற்று என்று கையெழுத்து மட்டும் போட்டு வருகிறது. பிறகு அந்த வீட்டுப் பிள்ளைகள் சான்று கேட்டு வரும்போது திரும்பவும் புத்தகம் புரட்ட வேண்டியிருக்கிறது.