பத்து ரூபாய் மனுவும் ராம்லீலா மைதானமும்

யமுனைக்கரையான்: முத்து, தெருக்குழி முதல் ரேஷன் வரை எதைப் பேசினாலும் "சிஸ்டத்தையே கவிழ்க்கணும்" என்றுதான் முடிக்கிறீர்கள். 2011 ஆகஸ்டில் அண்ணா ஹசாரே உண்ணாவிரதத்துக்கு ராம்லீலா மைதானம் கொள்ளவில்லை. அவர் கேட்ட லோக்பால், அதாவது ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்புக்கான மசோதா 2013 டிசம்பரில் நிறைவேறியது. முதல் லோக்பால் வந்தது 2019 மார்ச்சில்! தேர்வுக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவர் வேண்டும் என்றது சட்டம். 2014 மக்களவையில் அந்தப் பதவியே யாருக்கும் கிடைக்கவில்லை. கூட்டம் கலைந்தபின் ஓர் உட்பிரிவு ஐந்து வருஷத்தை விழுங்கிவிட்டது.

முனிர்கா முத்து: நீங்க கொண்டாடுற தகவல் உரிமைச் சட்டம் மட்டும் ஏசி ரூம்லயா பொறந்துச்சு? 1996, ராஜஸ்தான் பியாவர், 40 நாள் தர்ணா.

யமுனைக்கரையான்: அங்கே கேட்டது ஆட்சியை அல்ல, மஸ்டர் ரோல் என்னும் வேலையாட்கள் வருகைப் பதிவேட்டின் நகலை. அப்புறம் மாநிலச் சட்டங்களாகத் தமிழ்நாடு 1997, ராஜஸ்தான் 2000, தில்லி 2001 என்று நகர்ந்துதான் 2005-ல் மத்தியச் சட்டம். நம்மூர் தில்லியின் சுந்தர் நகரியில் 2002-ல் தெருவேலை ஒப்பந்தங்களை மக்கள் முன் வாசித்ததும், செய்யாத வேலைக்குப் பில் போட்டது அம்பலமானது.

தகவல் உரிமை மனுவில் குழியை "ஏன் மூடவில்லை" என்று கேட்காதீர்கள்; காரணம் கேட்டால் அது தகவல் அல்ல என்று தட்டிவிடுவார்கள். வேலை உத்தரவு, செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகம், கடைசி பில் இவற்றின் நகல் கேளுங்கள். சட்டத்தின் 2(ஜே) பிரிவில் ரோட்டில் போட்ட சரக்கின் மாதிரியே கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், நகல் பக்கத்துக்கு 2. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் இரண்டாவது.

முனிர்கா முத்து: இரண்டாவது எங்க போகும்? தில்லிக்குத் தனி தகவல் ஆணையம் இல்ல, எல்லாம் மத்திய தகவல் ஆணையத்துல போய்க் குவியும். முறை வர வருஷம் தாண்டும். அதுக்குள்ள ரோடு ஒரு தடவை போட்டுப் பேந்திருக்கும். அதிகாரிக்கு அபராதம் நாளுக்கு 250, எவ்வளவு இழுத்தடிச்சாலும் 25,000-த்தோட சரி. அதுவும் விதிச்சாத்தான். போதாததுக்கு 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 44(3). தனிப்பட்ட தகவலைத் தர மறுக்க வழிவிடுற தகவல் உரிமைச் சட்டம் 8(1)(ஜே)-ல, பொதுநலன் இருந்தா தரணும்னு இருந்த விலக்கை வெட்டிட்டாங்க. இனி "தனிப்பட்ட தகவல்"னு ஒரு வார்த்தை சொன்னா கதவு சாத்தியாச்சு. படிப்படியா வந்ததைப் படிப்படியாவே பிடுங்குறாங்க சார்.

கரோல்பாக் காயத்ரி: முத்து, கவிழ்த்த மறுநாள் காலையில் குழாயில் தண்ணீர் விடப்போவதும் அதே ஜல் போர்டு (குடிநீர் வாரியம்) இளநிலைப் பொறியாளர்தான். அவர் கையெழுத்துப் போடும் பதிவேட்டுக்கு என்ன ஏற்பாடு?

முனிர்கா முத்து: பதிவேட்டை அவர் காட்டமாட்டேங்கிறார், அதானே பிரச்சினையே.

யமுனைக்கரையான்: தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. தீங்கைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தரலாம். எந்தப் பொதுநலன் என்பதை மனுவிலேயே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

கரோல்பாக் காயத்ரி: "தரலாம்" சார். "தரவேண்டும்" இல்லை.

முனிர்கா முத்து: அந்த ஒரு சொல்லை மாத்த எத்தனை பத்து ரூபாய் மனு ஆகும்?

யமுனைக்கரையான்: மனு போதாது, திருத்த மசோதாதான் வேண்டும். ஜந்தர் மந்தரில் தர்ணா உட்கார்ந்தால் நானும் வருகிறேன். தட்டியில் மட்டும் "புரட்சி" வேண்டாம், "8(2)" என்று எழுதுங்கள்.